எல்லாருக்கும் அண்ணன்

ஜூன் 9, திங்கள்

வலி 6.

இந்த நோட்டை வாங்கச் சொன்னது பிசியோதெரபி அக்கா. கணுக்கால் வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் குறிக்கணும், செய்த பயிற்சியையும் எழுதணும், அப்போதுதான் ஒழுங்காகச் செய்வேனாம். என்னைப் பற்றி அவங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஹாக்கி மட்டை பிடிக்கிறேன், இப்போது இருபது வயது. ஒருநாள்கூட ஓட்டத்துக்கு மட்டம் போட்டதில்லை. போன வருஷம் டீமைப் பாதியில் விட்டுப் போன வடிவு மாதிரி ஆள் இல்லை நான்.

பயிற்சி: பாதத்தில் துண்டை மாட்டி இழுத்தது, பதினைந்து தடவை. காற்றில் பெருவிரலால் அ, ஆ எழுதியது, ஃ வரைக்கும்.

சனிக்கிழமை பிராக்டிஸ் மேட்சில் குழியில் கால் மடங்கியது. மட்டைகள் வைக்கிற ஸ்டிக் ரூமில் வைத்து வலி ஸ்பிரே அடித்தார்கள். ஐஸ் வைத்தார்கள். அவ்வளவுதான்.

சாயங்காலம் கௌசல்யாவும் அவள் கூடப்பிறந்த மகாராஜன் அண்ணனும் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். நான் பாத்ரூமில் இருந்தேன். அவர்கள் அம்மாவோடு காபி குடித்து முடித்துக் கிளம்பும் வரைக்கும் பாத்ரூமிலேயே இருந்தேன்.

“அந்தத் தம்பி கடையப் பூட்டிட்டு வீடு தேடி வந்திருக்கு. நீ என்னடான்னா பாத்ரூம்ல குடியிருக்க” என்று அம்மா கத்தினாள்.

வயிறு சரியில்லை என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வலி 5. துண்டுப் பயிற்சி செய்தேன். ஆரஞ்சை எல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். தோலோடு தின்றது.

ஜூன் 12, வியாழன்

வலி 5.

இன்றைக்கு எல்லாமே எரிச்சல். சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினேன். பையின் ஜிப் சிக்கியது, பிய்த்து எறிந்தேன். தீப்பெட்டி ஆபீசில் பகல் முழுக்க நின்று குச்சி அடுக்கிவிட்டு வந்த அம்மா அதை ஊசி நூல் போட்டுத் தைத்தாள். அதைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது.

கௌசி ஆறு தடவை போன் பண்ணிவிட்டாள். எடுக்கவில்லை. அவள் என் கேப்டன். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே டீம். என் அம்மாவின் சேலையை அவளும், அவள் அம்மாவின் சேலையை நானும் கட்டிக்கொண்டு கல்லூரி விழாவுக்குப் போயிருக்கிறோம். அவளிடம் என்ன சொல்ல?

குளிக்கும்போது தேங்காய் நார் போட்டுக் காலைத் தேய்த்தேன். கட்டுப் போட்ட இடத்தில் இல்லை, அதற்கு மேலே. தோல் உரிந்து எரிகிறது. இதை பிசியோ அக்காவிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 14, சனி

எழுதிவிடுகிறேன். எழுதிவிட்டுக் கிழிக்கலாம்.

போன சனி. கால் மடங்கியதும் கௌசியும் மகாராஜன் அண்ணனும் ஆளுக்கொரு தோள் கொடுத்து என்னை ஸ்டிக் ரூமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் கௌசியை ஐஸ் வாங்கி வர அனுப்பினார். வெயில் வருது என்று கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. வெயிலுக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிரக் கேட்கவில்லை.

ஸ்பிரே கணுக்காலுக்குத்தான். அவர் கை கணுக்காலோடு நிற்கவில்லை. வேண்டாம்ணே என்றேன். ஒரு தடவை சொன்னேன், இல்லை இரண்டு தடவை. “அண்ணன்தானே, சும்மா இரு” என்றார். நான் சும்மா இருந்தேன்.

அதுதான். அதுதான் எனக்கு ஆறவில்லை. இந்த ஊரிலேயே வேகமாக ஓடுகிறவள் நான். ஒரு கால்தான் மடங்கியிருந்தது. இன்னொரு கால் நன்றாகத்தானே இருந்தது? ஓங்கி உதைத்திருக்கலாம். வாய் இருந்தது. பக்கத்தில் இருபது மட்டை சாய்த்து வைத்திருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த வலையைப் பார்த்துக்கொண்டு கட்டை மாதிரி இருந்தேன்.

கிழிக்கவில்லை. ஏன் கிழிக்கணும்?

ஜூன் 16, திங்கள்

வலி 4.

பிசியோ அக்கா கட்டைப் பிரித்துக் கணுக்காலைப் பிடித்ததும் என் கால் தானாக உதைத்தது. அவங்க கை பட்டு எண்ணெய்ப் பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவங்க என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. மேலே இருந்த தேய்த்த காயத்தையும் பார்த்தாங்க. ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “தொடட்டுமா?” என்று மட்டும் கேட்டாங்க.

தலையாட்டினேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க. குதிகாலைத் தொடட்டுமா. விரலை மடக்கட்டுமா. போதும்னா போதும்னு சொல்லு.

உதைக்க வேண்டியவனை உதைக்காத கால், இவங்களை உதைத்திருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அழுதேன். பூக்காரம்மா ஒருத்தி “பரீச்சையா பாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 19, வியாழன்

கிரவுண்டுக்குப் போனேன். இன்னும் ஓடக் கூடாது என்றாலும் எல்லையோரம் உட்கார்ந்து பார்க்கலாமே. அது என் கிரவுண்டு. நான் ஏன் வீட்டில் கிடக்கணும்?

அவர் வந்தார். மின்னல் மகளிர் ஹாக்கி கிளப்பின் செயலாளர். மட்டைக்கு ஸ்பான்சர் பிடிப்பது அவர், வண்டி ஏற்பாடு செய்வது அவர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப மாட்டோம் என்கிற வீடுகளுக்குப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்குவதும் அவர்தான். “மகாராஜன் தம்பி இருக்காருல்ல, பயமில்ல” என்று என் அம்மாவே பத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். “என்ன பொன்மாரி, காலு எப்படி இருக்கு? அண்ணன் வேணா இன்னொரு தடவை ஸ்பிரே அடிக்கவா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். சும்மா கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். கோல்கீப்பர் ரெபேக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எப்போதுமே சிரிக்க மாட்டாள்.

பிராக்டிஸ் முடிந்ததும் கௌசியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொன்னேன். ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா என்று எனக்கே இருந்தது.

அவள் ரொம்ப நேரம் தன் மட்டையின் பிடியைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ வலியில இருந்த. உனக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

“எனக்கு எது வலி, எது கைன்னு தெரியாதாட்டி?”

“எங்க அண்ணன் எல்லாருக்கும் அண்ணன்டி. ஆவணில கல்யாணம் வச்சிருக்கு. இதை வெளிய பேசாத பொன்னு, உன் கால்ல விழுதேன்.”

என் காலில் விழுகிறாளாம். எல்லாருக்கும் என் கால்தான் கிடைத்தது.

ஜூன் 20, வெள்ளி

காலை பத்து மணிக்கு டீமின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது கௌசி. காரணம் எதுவும் போடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வலி எழுத மறந்தேன்.

ஜூன் 23, திங்கள்

கௌசியின் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கே போய் என் அம்மாவை நிறுத்தி, “உன் மக எங்க வீட்டுப் பிள்ளை மேல பழி போடுதா, கண்டிச்சு வை” என்று சொல்லியிருக்கிறாள். கூட வேலை பார்க்கிற நாலு பேர் முன்னால்.

அம்மா வீட்டுக்குள் வந்து பையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

“என்னட்டி நடந்தது?”

சொன்னேன்.

“எதுக்குட்டி அந்த ரூமுக்குள்ள போன?”

“போகல. என்னால நடக்க முடியல. தூக்கிட்டுப் போனாங்க.”

“சத்தம் போட்டிருக்கலாம்ல?”

கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. சுவரில் எறிந்தேன். காரை பெயர்ந்து விழுந்தது. “போட்டிருக்கலாம்! உதைச்சிருக்கலாம்! கடிச்சிருக்கலாம்! எல்லாத்தையும் நானே பதினாறு நாளா என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ புதுசா ஏதாவது கேளு” என்று கத்தினேன். தெருவில் நடந்து போனவர்கள் நின்றார்கள். நிற்கட்டும்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்து விழுந்த காரையைப் பொறுக்கினாள்.

ஜூன் 24, செவ்வாய்

அம்மா வேலைக்குப் போகவில்லை. அப்பா லாரியோடு நாசிக் பக்கம் இருக்கிறார், அவரிடம் போனில் எதையும் சொல்லவில்லை. காலையிலிருந்து ஒரே சுளகில் ஒரே அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். மதியம் சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “நான்தான அவரை நம்பி அனுப்புனேன். உன்னையக் கேட்டா என்ன பிரயோசனம்” என்றாள்.

இந்தத் தடவை தட்டைத் தள்ளவில்லை.

வலி 3.

ஜூன் 26, வியாழன்

ரெபேக்கா வந்தாள். அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. நாங்கள் அவ்வளவு பழக்கமும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

“உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றாள்.

“என்ன சொல்லியிருக்கணும்?”

“அந்த ரூமுக்குத் தனியாப் போகாதன்னு. அதான் நான் கால்ல கட்டுற பேடு எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். அங்க வச்சா எடுக்கப் போகணும்ல.”

மூன்று வருஷமாக அவளுடைய அந்தப் பெரிய மூட்டையைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் எடு என்று கேலி செய்திருக்கிறோம்.

அவளுக்கு எதுவும் நடக்கவில்லையாம். நடக்கப் பார்த்ததாம், தள்ளிவிட்டு வந்துவிட்டாளாம். வடிவுக்கு நடந்ததாம். வடிவு அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? என்னை அந்த ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போறப்ப நீ எங்க இருந்த?”

“கோல்ல நின்னேன்.”

“பாத்தியா?”

“பாத்தேன். கௌசி கூட இருக்காளேன்னு நினைச்சேன்.”

வெளியே போ என்றேன். போகாமல் நின்றாள். “திட்டணும்னா திட்டு. திட்டி முடிச்சப்புறம் வடிவைப் போய்ப் பாப்போமா?” என்று கேட்டாள். திட்டினேன். நிறையத் திட்டினேன். அவள் பெனால்டிக்கு நிற்கிற மாதிரி கையை விரித்துத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

ஜூன் 28, சனி

வலி 3. சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் முப்பது விநாடி நின்றேன்.

இரண்டு நாளாக வடிவைப் பார்க்கப் போகாமல் தள்ளிப்போடுகிறேன். ரெபேக்காவிடம் கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். கால் வலி இல்லை.

போன வருஷம் வடிவு கடைசியாக கிரவுண்டுக்கு வந்த நாள். மட்டை எடுக்காமல் ஓரத்தில் நின்றாள். வலப்பக்க முன்வரிசையில், ரைட் இன் ஆடுகிறவள் அவள். நான் அப்போது வெளியே பெஞ்சில். கோச் சார் அவளைக் கூப்பிட்டார், வரவில்லை. அவள் இடத்தில் என்னை இறக்கினார். நான் அவளைக் கடந்து உள்ளே போகும்போது ஒன்று சொன்னேன். அது இப்போது நினைவு வருகிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

போனோம். வடிவு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். என்னைப் பார்த்ததும், “எத்தனை காப்பி?” என்று கேட்டாள்.

“வடிவு, நான்...”

“ரெபேக்கா போன்ல சொன்னா. ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்க. உனக்கு நடந்தப்புறம் வந்திருக்க.”

“ஆமா.”

“அன்னைக்கு என் பக்கத்துல வந்து என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?”

“சீன் போடாம வீட்டுக்குப் போ, உன் இடத்துக்கு ஆள் இருக்குன்னு சொன்னேன்.”

ஆதார் அட்டையோடு ஒரு தாத்தா வந்தார். முன்னும் பின்னும் நகல் எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் ஓரமாக நின்றோம். கூட்டம் போனதும் நான் மன்னிப்புக் கேட்டேன். ஏதோ பெரிய காரியம் செய்கிற மாதிரி இருந்தது எனக்கு.

“அதை வச்சு நான் என்ன செய்ய?” என்றாள் வடிவு. “நான் ஒரு வருஷமா அந்தத் தெருப் பக்கமே போறதில்ல. எங்க வீட்டுல நான் சோம்பேறி, விளையாட்டை விட்டவ. நீங்க பதினாலு பேரும் சேர்ந்து கப்போட போட்டோ போட்டீங்க. அவன் நடுவுல நிக்கான்.”

அந்தப் போட்டோவில் நான் அவன் பக்கத்தில் நிற்கிறேன்.

கிளம்பும்போது, “வியாழக்கிழமை மதியம் முதலாளி இருக்க மாட்டாரு. கம்ப்யூட்டர் சும்மாத்தான் கிடக்கும். எழுதணும்னா வாங்க” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ரெபேக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்

மூன்று பேரும் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து புகார் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல வடிவு டைப் அடித்தாள். அவள் வேகமாக அடிக்கிறாள். தன்னுடையதை எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக அடித்தாள். கதவுக்கு வெளியே நானும் ரெபேக்காவும் கரும்புச் சாறு குடித்தோம்.

அச்செடுத்துப் படித்தபோது வடிவு சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள். “இதுல எத்தனை இடத்துல அண்ணன்னு சொல்லியிருக்கன்னு எண்ணு.”

பதினோரு இடம். மகாராஜன் அண்ணன் கதவைச் சாத்தினார். மகாராஜன் அண்ணன் சொன்னார். வாய்ப் பழக்கத்தில் தானாக வந்திருக்கிறது. ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் பேப்பர் கிழிந்துவிட்டது. வடிவு வேறு அச்செடுத்தாள்.

இனி இந்த நோட்டிலும் அவனை அப்படி எழுதப் போவதில்லை.

ஜூலை 7, திங்கள்

மகளிர் காவல் நிலையம், வடிவோடும் ரெபேக்காவோடும். அம்மா லீவு சொல்லிவிட்டு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு நல்ல சேலை என்று கேட்டதற்கு, “நாம தப்புப் பண்ணல, கசங்கிப் போய் நிக்கணுமா?” என்றாள்.

எஸ்.ஐ. மேடம் கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கதவு எந்தப் பக்கம், ஜன்னல் உண்டா, எத்தனை மணி. “ஏன் உடனே வரல?” என்று கேட்டபோதுதான் கோபம் வந்தது. “டீம் போயிரும்னு பயந்தேன் மேடம். இப்பவும் பயமாத்தான் இருக்கு” என்றேன். அவங்க அதையும் எழுதிக்கொண்டாங்க.

அம்மா மேஜையில் கையை ஊன்றி, “நான்தான் அந்த ஆளை நம்பி அனுப்புனேன்னும் எழுதிக்கோங்க. வெளியூருக்கு இவ போக மாட்டேன்னு சொன்ன நாள்லயும் நான்தான் அனுப்புனேன்” என்றாள்.

எனக்கு அது தெரியும். அவளாகச் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

எஃப்.ஐ.ஆர் நகல் கொடுத்தார்கள். வடிவு அதைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலை 10, வியாழன்

கௌசி வந்து தெருவில் நின்று கத்தினாள். மகாராஜனைப் போலீஸ் தேடுகிறதாம், ஆள் ஊரில் இல்லையாம். பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்களாம். ஆகஸ்ட் டோர்னமென்டிலிருந்து கிளப் பெயரை எடுத்துவிட்டார்களாம்.

“உன் ஒருத்தியால பதினாலு பேர் விளையாட்டுப் போச்சு! ஒரு வீட்டுலயும் பிள்ளைகளை வெளிய விட மாட்டேங்காங்க!”

“என்னால போச்சா?” நான் வாசலுக்கு ஓடினேன். ஆமாம், ஓடினேன், கணுக்கால் சுளீர் என்றது. “உங்க அண்ணன் செஞ்சதுக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா விளையாட்டு இருந்திருக்கும். அடுத்தவ கால் மடங்குற வரைக்கும் இருந்திருக்கும். அப்படி ஒரு விளையாட்டு எனக்கு வேண்டாம். உனக்கு வேணுமா? சொல்லுட்டி, வேணுமா?”

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னது பொய். எனக்கு விளையாட்டு வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

பதினாலு பேரும் வீட்டில். தப்புச் செய்தவன் மதுரையிலோ எங்கேயோ சொந்தக்காரர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருப்பான். கிரவுண்டு சாவி அவனிடம்.

அம்மா நான்கு நாளாக வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. இன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது. டீமில் இருக்கிற பிள்ளைகளின் வீடு வீடாகப் போகிறாளாம். “உங்க பிள்ளைய அனுப்புங்க. சாயங்காலம் நான் வந்து கிரவுண்டுல உக்காந்திருக்கேன்” என்று சொல்கிறாளாம்.

எனக்குக் கொதித்தது. “எங்களை மேய்க்கவா வார? எங்களுக்கு எதுக்குக் காவல்?”

“உங்களைப் பாக்க இல்லட்டி. அங்க வாரவனுகளைப் பாக்க” என்றாள்.

எத்தனை வீட்டில் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்டேன். அவள் தன் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஆற்றுப்படுகைப் பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள பொட்டல். கல் பொறுக்கவே ஒரு மணி நேரம். ஆறு பேர் வந்தோம். கோலுக்குச் செருப்பு.

தனுஷ்கோடி சார் பந்துப் பையோடு வந்தார். எங்கள் கோச். இத்தனை நாள் ஒரு போன் இல்லை. என் முன்னால் வந்து, “நான் கவனிக்கலம்மா” என்றார்.

“கவனிக்கிறதுதான சார் கோச்சோட வேலை” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போய் மூலையில் உட்கார்ந்து பந்துகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். நான் அவரை இருக்கச் சொல்லவில்லை.

அம்மா வேப்பமர நிழலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு அம்மாக்கள்.

வடிவும் வந்தாள். மட்டை இல்லை. என்னுடையதை நீட்டி, ரைட் இன் நீயே ஆடு என்றேன்.

“தானமா?” என்று கேட்டாள். ரெபேக்காவின் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு எனக்கு எதிர்ப் பக்கம் போய் நின்றாள். முதல் ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை என்னிடமிருந்து பந்தைப் பிடுங்கினாள். மூன்றாவது தடவை தோளால் இடித்துத் தள்ளினாள், நான் கரிசலில் குப்புற விழுந்தேன். சார் விசில் ஊதவில்லை. நானும் கேட்கவில்லை. எழுந்து ஓடினேன்.

ஜூலை 24, வியாழன்

மகாராஜனுக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டதாம். வந்துவிட்டான். தன் செல்போன் கடையைத் திரும்பத் திறந்துவிட்டான். கல்லூரிக்குப் போகிற வழியில் பார்த்தேன். யாருடைய போனுக்கோ ஸ்கிரீன் ஒட்டிக்கொண்டிருந்தான், கொஞ்சம்கூடக் குமிழி வராமல், அவ்வளவு கவனமாக.

என் கால் சந்துக்குள் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை. கடைக்கு நேர் எதிரே நடந்து போனேன். தாண்டியதும் கோயில் சுவரோரம் வாந்தி எடுத்தேன். நாளைக்கும் அந்த வழிதான்.

ஜூலை 28, திங்கள்

மாலை பொட்டலுக்குக் கௌசி வந்தாள். எல்லாரும் ஆட்டத்தை நிறுத்தினோம். என் அம்மா கீரைக்கட்டோடு எழுந்து நின்றாள்.

கௌசி என்னிடம் வராமல் வடிவிடம் போனாள், அப்புறம்தான் என்னிடம் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“அன்னைக்கு நான் ஐஸோட சீக்கிரமே வந்துட்டேன்” என்றாள். “கதவு தாழ் போட்டிருந்துச்சு. ரெண்டு தடவை தட்டுனேன். உள்ள நீ வேண்டாம்ணேன்னு சொன்னது கேட்டுச்சு. வலியிலதான் சொல்லுதன்னு நினைச்சேன். இல்ல. நினைக்கல. அப்படி நினைக்கணும்னு நினைச்சேன். ஐஸ் கரைஞ்சு கை விறைக்கிற வரைக்கும் அங்கயே நின்னேன்.”

கௌசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“காலையில ஸ்டேஷன்ல போய் இதைச் சொல்லிட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். வீட்டுல என்னைச் சேக்க மாட்டேன்னுட்டாங்க. சித்தி வீட்டுல இருக்கேன்.”

அவளை அறையணும் போல இருந்தது. கட்டிப் பிடித்து அழணும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஐம்பது நாளாக, கட்டையாக இருந்ததுக்காக என்னையே கரித்துக்கொட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி கட்டையாக நின்றிருக்கிறாள். ஆனால் அவளுக்குக் கால் நன்றாக இருந்தது. அவள் கத்தியிருக்கலாம். என்னிடம் கேட்ட கேள்வியை இப்போது அவளிடம் கேட்கலாம், அதுதான் சரியான இடம். வாய் வரைக்கும் வந்தது.

“இனிமே என்கிட்ட அதைப் பத்திப் பேசாத” என்று மட்டும் சொன்னேன்.

ரெபேக்கா கேட்டாள்: “இவ ஆடலாமா, கூடாதா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அதற்கும் கோபம் வந்தது, நான் என்ன நீதிபதியா? “வடிவைக் கேளுங்க” என்றேன்.

வடிவு மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். “மட்டை இருந்தா ஆடட்டும். கேப்டன் கிடையாது.”

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் மேட்ச். பக்கத்து ஊர்க் கல்லூரிப் பெண்களோடு, ஏழு பேர் ஆட்டம். எங்களுக்கு கிளப் பெயர் இல்லை, சீருடை இல்லை. ஆளுக்கொரு நிறத்தில் டீ-சர்ட். கேப்டன் ரெபேக்கா. வடிவு ரைட் இன். நான் ரைட் அவுட், கோட்டோரம். எனக்குப் பழக்கமில்லாத இடம்.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். எதிரணிப் பெண் ஒருத்தி, “இவங்கதான அந்தக் கேஸ் டீமு?” என்று தோழியிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அடுத்த பந்தை அவள் காலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி எவ்வளவு வேகமாக அடிக்க முடியுமோ அவ்வளவு வேகமாக அடித்தேன். நடுவராக நின்ற சார் விசில் ஊதி எனக்குப் பச்சை அட்டை காட்டினார். இரண்டு நிமிஷம் வெளியே. அம்மா தண்ணீர் நீட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. “அடுத்த தடவை பந்தை மட்டும் அடி” என்றாள். அவளுக்கு ஹாக்கியில் என்ன தெரியும்?

இரண்டாம் பாதி. வடிவு நடுவில் இரண்டு பேரைத் தாண்டி எனக்குத் தள்ளினாள். கோட்டோரம் ஓடினேன். கணுக்கால் வலித்தது, ஓட முடிந்தது. எனக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி. இடது பக்கம் வட்டத்துக்குள்ளிருந்து “பொன்னு!” என்று ஒரு குரல். ஏழாம் வகுப்பிலிருந்து கேட்கிற குரல். பார்க்காமலே கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் யாருக்குக் கொடுத்தேன் என்று உறைத்தது.

கௌசி ஒரே தட்டில் கோலுக்குள் போட்டாள். எல்லாரும் ஓடிப் போய் அவளைச் சூழ்ந்தார்கள், வடிவுகூட அவள் முதுகில் ஒன்று வைத்தாள். கௌசி அந்தக் கும்பலுக்குள்ளிருந்து என்னைத் தேடினாள். கண் நிறைந்திருந்தது. கையைப் பாதி தூக்கினாள்.

நான் போகவில்லை. போகிற அளவுக்கு இன்னும் என்னிடம் ஒன்றும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவளைப் பார்த்தபடியே நடுக்கோட்டுக்கு நடந்து போய் என் இடத்தில் நின்றேன்.

ஒன்றுக்கு இரண்டு. இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. “வாங்கட்டி, ஆட்டம் முடியல!” என்று கத்தினேன்.